செக் திரும்பினால் ஏன் ஒளிந்துகொள்கிறோம்?

கணக்கில் காசு போதாது, செக் திரும்பப்போகிறது என்று வங்கியிலிருந்து அழைப்பு வந்ததும் எமது வியாபாரிகளில் பலர் செய்யும் முதல் வேலை கைத்தொலைபேசியை நிறுத்திவைப்பதாகும். இரண்டாவது வேலை கடைப்பக்கம் போகாமல் இருப்பது. பணத்துக்கு என்ன வழி என்று யோசிப்பதற்கு முன்பே ஆளை மறைப்பதற்கு வழி தேடியாகிவிடுகிறது.

புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளில் கணக்கெழுதியே காலத்தைக் கழித்தவன் என்ற வகையில் இதனை நான் எத்தனையோ தடவைகள் கண்டிருக்கிறேன். தொகை பெரிதா சிறிதா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நாற்பதாயிரம் ரூபாவுக்காக மூன்று மாதம் தலைமறைவாக இருந்தவரும் உண்டு. நாற்பது இலட்சத்துக்காக நேரே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கதைத்தவரும் உண்டு. நாணயமானவர், நாணயமற்றவர் என்று பிரித்துப் பார்த்தாலும் கணக்குச் சரிவருவதில்லை. ஏமாற்ற நினைப்பவனுக்கு ஒளியவேண்டிய தேவையே கிடையாது. அவன் சிரித்த முகத்தோடு வந்து அடுத்த கட்டுச் சரக்கையும் ஏற்றிக்கொண்டு போவான். நான் கண்டவரையில், ஒளிந்துகொண்டவர்களில் அதிகமானோர் மானத்துக்குப் பயந்த நல்ல மனிதர்கள். வேதனை அங்கேதான் இருக்கிறது.

ஆகவே இவ்வாரம் இலாப நட்டத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு மனதைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். வணிகப் பக்கத்தில் உளவியல் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எமது மொத்த வியாபாரத்தின் பெரும்பகுதி அறுபது நாள், தொண்ணூறு நாள் திகதியிட்ட செக்குகளில்தான் ஓடுகிறது. அந்தச் செக்கைத் தாங்கி நிற்பது ஆளின் மீதுள்ள நம்பிக்கை. அந்த ஆளின் மனது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதும் வியாபார அறிவுதான்.

இரண்டு வியாபாரிகள்

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் மாதம் ரூபா மிதக்கவிடப்பட்டதும் இருநூறு ரூபாவளவில் இருந்த டொலர் இரண்டே மாதங்களில் முந்நூற்று அறுபதளவுக்கு ஏறியது. ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கமே அறிவித்தது. நாடே தன் செக் திரும்பப்போகிறது என்று முன்கூட்டிச் சொன்ன வருடம் அது.

அவ்வருடம் நான் கணக்குப் பார்த்த துணிக்கடையில் இரு வெளியூர் வியாபாரிகளின் செக்குகள் ஒரே வாரத்துக்குத் திகதியிடப்பட்டிருந்தன. ஒருவருடையது ஒன்பது இலட்சம், மற்றவருடையது இருபத்திரண்டு இலட்சம். இருவரும் நோன்புப் பெருநாள் விற்பனையை நம்பிச் சரக்கெடுத்தவர்கள். பெற்றோல் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்று களைத்த சனம் அந்தப் பெருநாளுக்குத் துணிக்கடைக்கு வரவில்லை. இருவர் கணக்கிலும் காசு இருக்கவில்லை.

ஒன்பது இலட்சக்காரர் தொலைபேசியை நிறுத்தினார். கடை இலக்கத்துக்கு எடுத்தால் வேலைக்கு நிற்கும் பொடியன், “முதலாளி கொழும்புக்குப் போயிட்டார்” என்றான். நாங்கள் கொழும்பிலிருந்துதான் எடுக்கிறோம் என்பது பாவம் அவனுக்குத் தெரியாது. செக் திரும்பியது. மறுபடியும் போட்டோம், மறுபடியும் திரும்பியது. பிறகு சட்டத்தரணியின் கடிதம் போனது. ஏழு மாதங்களின் பின்னர் அம்மனிதர் ஒரு துண்டுக் காணியைக் கிடைத்த விலைக்கு விற்று முழுத்தொகையையும் ஒரு சதம் குறையாமல் அனுப்பிவைத்தார், மச்சினர் ஒருவரின் கையில். அவர் வரவேயில்லை.

இருபத்திரண்டு இலட்சக்காரர், செக் போடும் திகதிக்கு முந்திய இரவு பஸ் ஏறி, காலையில் கடைக்கதவு திறக்கும்போது வாசலில் நின்றார். கையில் ஓர் அப்பியாசக் கொப்பி. “ஹாஜியார், செக்கப் போட வாணாம். காசில்ல” என்றார். முகம் சிவந்து, கொப்பி பிடித்திருந்த கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. ஹாஜியார் அரை மணித்தியாலம் ஏசினார். நன்றாகவே ஏசினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், ஆனால் எழுந்து போகவில்லை. ஏச்சு ஓய்ந்ததும் பிளேன்டீ வந்தது. அதற்குப் பிறகுதான் கொப்பியை விரித்தார். விற்றது எவ்வளவு, தட்டில் கிடப்பது எவ்வளவு, ஊரில் தனக்கு வரவேண்டியது எவ்வளவு, மாதம் எவ்வளவு தர முடியும் என்று பென்சிலால் எழுதியிருந்தார். கடனைத் தீர்க்கப் பதினான்கு மாதங்கள் எடுத்தன. இடையில் இரு தவணைகள் பிந்தின. ஒவ்வொரு தடவையும் பிந்துவதற்கு முன்னர் அழைப்பு வந்தது.

முதலாமவர் சிறிய கடனை விரைவாகத் தீர்த்தவர். இரண்டாமவர் பெரிய கடனை இழுத்துத் தீர்த்தவர். ஐந்தொகையில் பார்த்தால் முதலாமவரே மேல். ஆனால் இன்று கடனுக்குச் சரக்கு எடுப்பவர் இரண்டாமவர்தான். முதலாமவருக்குத் தெருவில் ஒருவரும் கடன் கொடுப்பதில்லை. அவரது காசுதான் முழுமையாக வந்துவிட்டதே என்று நான் ஒருமுறை ஹாஜியாரிடம் சொன்னேன். அவர் சொன்ன பதில் இதுதான்: “காசில்லாட்டி பொறுக்கலாம். ஆளே இல்லாட்டி யாரப் பொறுக்கிற?”

முகமும் முள்ளும்

மனித உணர்ச்சிகளில் கோபம், பயம் போன்றவை குழந்தை பிறந்து சில மாதங்களிலேயே தென்படுகின்றன. வெட்கம், கூச்சம், குற்றவுணர்வு, பெருமிதம் ஆகியவை அப்படியல்ல. இவை வரவேண்டுமானால் ‘நான்’ என்று ஒன்று இருப்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். குழந்தையின் மூக்கில் தெரியாமல் சிவப்பு மை பூசிக் கண்ணாடி முன் நிறுத்தும் பரிசோதனையொன்று உளவியலில் பிரபலமானது. ஏறக்குறைய ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள்தான் பிள்ளை கண்ணாடியைத் தொடாமல் தன் மூக்கைத் தொடுகிறது. அமெரிக்க உளவியலாளர் மைக்கல் லூயிஸும் அவரது சகாக்களும் 1989 இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு தன்னைத் தானே அடையாளங்கண்ட பிள்ளைகளிடம்தான் பெரும்பாலும் கூச்சம் காணப்பட்டது. உளவியலார் இவ்வகையானவற்றைத் தன்னுணர்வு மனவெழுச்சிகள் என்று தனியாகப் பிரிக்கின்றனர். தன்னைத்தானே வெளியிலிருந்து பார்க்கத் தெரிந்தவனுக்கு வரும் உணர்ச்சிகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவற்றுள் இரண்டை நாம் வழக்கமாக ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். வெட்கமும் குற்றவுணர்வும் வேறு வேறு என்பதை 1971 இல் ஹெலன் புளொக் லூயிஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் தெளிவாக எடுத்துக்காட்டினார். குற்றவுணர்வு, செய்த காரியத்தைப் பார்க்கிறது: ‘நான் செய்தது சரியில்லை.’ வெட்கம், ஆளையே பார்க்கிறது: ‘நான் ஒன்றுக்கும் உதவாதவன்.’ காரியம் பிழையென்றால் திருத்தலாம். ஆளே பிழையென்றால் எதைத் திருத்துவது? ஒளிவதைத் தவிர வேறு வழி தோன்றாது.

இதற்கு அமெரிக்காவரை போகவேண்டிய அவசியமே இல்லை. எமது பேச்சையே கவனித்துப் பாருங்கள். வெட்கம் வந்தால் என்ன சொல்கிறோம்? முகத்தில் விழிக்க முடியவில்லை, தலை காட்ட முடியவில்லை, கூனிக் குறுகிப் போனேன் என்கிறோம். எல்லாமே முகத்தையும் தலையையும் உடம்பையும் பற்றியவை, பார்க்கும் கண்களிடமிருந்து தப்புவதைப் பற்றியவை. குற்றவுணர்வுக்கு வேறு சொற்கள் வைத்திருக்கிறோம். உறுத்துகிறது, மனச்சாட்சி குத்துகிறது, மனது கேட்கவில்லை. இது காலில் ஏறிய முள்ளைப் போன்றது. முள்ளை எடுத்தால் வலி குறையும் என்று காலுக்கே தெரியும். எனவே குற்றவுணர்வு வந்தவன் நடக்கிறான், போய்க் கதவைத் தட்டுகிறான். வெட்கம் வந்தவன் கதவைச் சாத்துகிறான்.

ஆயினும் வெட்கம் ஊருக்காக, குற்றவுணர்வு மனச்சாட்சிக்காக என்று எளிதாகப் பிரித்துவிடவும் முடியாது. தனியறையில் யாரும் காணாதபோதும் மனிதனுக்கு வெட்கம் வருகிறது. இத்துறையில் நீண்டகாலம் ஆராய்ந்தவர் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ஜூன் டாங்னி. எளிதில் வெட்கத்துக்கு ஆளாகிறவர்களிடம் கோபமும் பழியைப் பிறர்மேல் போடும் போக்கும் அதிகம் என்பதை இவரது குழு 1992 இலேயே எடுத்துக்காட்டியது. சிறைக்கைதிகளை விடுதலைக்குப் பின்னரும் தொடர்ந்து அவதானித்து 2014 இல் வெளியிட்ட ஆய்வில், குற்றவுணர்வு கொள்ளும் இயல்புடையவர்கள் மீண்டும் குற்றம் செய்வது குறைவாக இருந்தது. வெட்கத்துக்கு மட்டும் இரண்டு முகங்கள் தெரிந்தன. வெட்கப்பட்டுப் பிறரைப் பழி சொன்னவர்கள் மீண்டும் வழுக்கினார்கள். பழி சொல்லாதபோது அதே வெட்கம் ஒரு தடையாகவும் நின்றது. ஆகவே வெட்கத்தை அடியோடு கெட்டது என்று ஒதுக்கிவிட முடியாது. அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே கேள்வி.

கடன் கொடுப்பவர்கள் கவனிக்கவேண்டிய இன்னோர் ஆய்வும் உண்டு. எம்மா லெவீனும் சகாக்களும் 2018 இல் வெளியிட்டது. ஒருவரிடம் இன்னொருவருடைய பணத்தை நம்பிக் கொடுத்து, அவர் எவ்வளவு திருப்பித் தருகிறார் என்று பார்க்கும் விளையாட்டுகளை நடத்தினார்கள். பிறருக்குத் தீங்கு செய்தால் எனக்கு உறுத்தும் என்று முன்கூட்டியே உணரும் இயல்பு உள்ளவர்களே நம்பிக்கையைக் காப்பாற்றினார்கள். குணவியல்பை அளக்கும் வேறு பல அளவுகோல்களைவிட இது நன்றாக எதிர்வுகூறியது. எமது பழைய முதலாளிமார் இதைப் படிக்காமலே செய்துவந்தார்கள். புதிதாகக் கடன் கேட்டு வருபவரிடம் நட்டப்பட்ட கதையைக் கேட்பார்கள். நட்டத்தில் தன் பங்கு எது என்று அவர் சொல்கிறாரா, எல்லாவற்றையும் பங்காளியின் தலையில் போடுகிறாரா என்று பார்ப்பார்கள்.

ஒளிவதற்கும் செலவுண்டு

ஒளிந்துகொள்வது இலவசமானது என்றுதான் மனது கணக்குப் போடுகிறது. எனக்குத் தெரிந்த ஒன்பது இலட்சக்காரரின் கதையையே எடுங்கள். அவர் ஹாஜியாரிடம் மட்டும் ஒளியவில்லை. வீட்டிலும் ஒளிந்தார். மனைவிக்குச் சட்டத்தரணியின் கடிதம் வந்த பிறகுதான் விடயம் தெரியும். அதற்கிடையில் தெரிந்தவர்களிடம் கேட்க வெட்கப்பட்டு, தன்னைத் தெரியாத ஒருவரிடம் மீற்றர் வட்டிக்கு வாங்கியிருந்தார். காணியை அவசரமாக விற்கவேண்டி வந்ததற்கு எமது ஒன்பது இலட்சத்தைவிட அந்தக் கடனே காரணம் என்று பின்னர் அறிந்தோம். தெரிந்தவரிடம் முகத்தைக் காப்பாற்றுவதற்காகத் தெரியாதவரிடம் கழுத்தைக் கொடுப்பது இவ்விடயத்தில் மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இன்னும் சிலர் வேறுவிதமாக ஒளிகிறார்கள். வியாபாரம் விழும் மாதத்தில் புது வாகனம் எடுப்பார்கள், மகளின் கலியாணத்தைப் போன வருடத்தைவிடப் பெரிதாகச் செய்வார்கள். ஊருக்குப் படம் காட்டுவது என்கிறோம். பெருமிதம் பற்றி ஆராய்ந்த ஜெசிக்கா ட்ரேசியும் ரிச்சர்ட் ரொபின்ஸும் 2007 இல் இரண்டு வகைப் பெருமிதங்களைப் பிரித்தனர். ஒன்று, உழைத்துச் செய்த காரியத்தால் வருவது. மற்றையது, நானே பெரியவன் என்ற எண்ணத்தால் வருவது. வெட்கத்தைப் போலவே இரண்டாவது வகையும் காரியத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்கிறது. வெட்கத்துக்குப் போடும் சட்டைதான் இந்தப் பெருமை என்பது எனது அபிப்பிராயம். 2004 ஆம் ஆண்டு ஒலிம்பிக், பராலிம்பிக் ஜூடோ வீரர்களின் புகைப்படங்களை ஆராய்ந்தபோது, பிறவியிலேயே பார்வையற்ற வீரர்களும் வென்றதும் நெஞ்சை நிமிர்த்திக் கையை உயர்த்தினர், தோற்றதும் தோளைக் குறுக்கினர். எவரையும் பார்த்துப் பழகியதல்ல அது. எனவே இவ்வுணர்ச்சிகளை வராமல் தடுப்பது பற்றி நான் எழுதப்போவதில்லை. வந்த பின் என்ன செய்யலாம் என்பதே எமக்குரியது.

ஒருவேளை இச்சுமை தாங்கமுடியாமல், உயிரையே விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரையில் போய்விட்டால், அது வியாபாரப் பிரச்சினையாக இருக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அப்போது தனியாக இருக்கக்கூடாது. வீட்டில் ஒருவரிடமாவது உடனே சொல்லவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் எடுத்துக் கதைக்கலாம்.

கல்லுமுகமா, கொப்பியா?

மனவெழுச்சிகளை நாம் எந்தெந்த இடங்களில் கட்டுப்படுத்துகிறோம் என்பதற்கு ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் குரோஸ் 1998 இல் ஒரு வரைபடம் தந்தார். உணர்ச்சி பிறப்பதற்கு முன்னரே சந்தர்ப்பத்தைத் தவிர்க்கலாம், அல்லது சந்தர்ப்பத்தை மாற்றலாம், கவனத்தைத் திருப்பலாம், விடயத்தை வேறுவிதமாக விளங்கிக்கொள்ளலாம். இவை ஒன்றும் நடக்காவிட்டால் கடைசியில் பிறந்த உணர்ச்சியை அமுக்கலாம். கடன்பட்டவர்கள் முதலாவதையும் கடைசியையும் மட்டுமே பாவிப்பதை நான் கண்டிருக்கிறேன். ஹாஜியாரின் கடையைத் தவிர்ப்பதற்காக இரண்டாம் குறுக்குத் தெருவை விட்டுக் கெய்சர் வீதியால் சுற்றிப் போவார்கள். தப்பித்தவறிச் சந்தித்தால் ஒன்றுமே நடவாததுபோல் கல்லுமுகம் காட்டுவார்கள்.

கல்லுமுகத்தின் விலை என்னவென்று ஆய்வுகூடங்களில் அளந்திருக்கிறார்கள். குரோஸும் ரொபர்ட் லெவன்சனும் 1997 இல் வெளியிட்ட ஆய்வில், திரைப்படம் பார்க்கும்போது உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அமுக்கச் சொல்லப்பட்டவர்களின் முகம் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் இருதயமும் இரத்தக் குழாய்களும் வழமையைவிட அதிகமாக வேலை செய்தன. அமுக்கிக்கொண்டிருப்பவருக்கு அந்நேரத்தில் சொல்லப்பட்ட விபரங்கள் ஞாபகத்தில் நிற்பதும் குறைவு என்று 2000 இல் இன்னோர் ஆய்வு காட்டியது. கடன் தவணை பேசும் மேசையில் இது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. அதைவிட வியப்பானது 2003 இல் எமிலி பட்லரும் சகாக்களும் கண்டது. இருவர் கதைக்கும்போது ஒருவர் உணர்ச்சியை அமுக்கினால், எதிரே இருப்பவரின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. ஒன்றும் தெரியாத அந்த எதிராளிக்கு! ஹாஜியார்மார் கல்லுமுகத்தைக் கண்டதும் மேலும் மேலும் கொதிப்பதன் காரணம் ஓரளவுக்கு இங்கே இருக்கலாம்.

இதனை அப்படியே எமக்குப் பொருத்திவிடக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். அதே பட்லர் 2007 இல் மறுபடி ஆராய்ந்தபோது, ஆசியப் பெறுமானங்களோடு வளர்ந்தவர்களிடம் அமுக்குவதன் பாதிப்புகள் குறைவாகவே இருந்தன. பெரியவர் முன் அடக்கமாக இருப்பது எமக்குப் பழகிய மரியாதை. இருபத்திரண்டு இலட்சக்காரரும் ஏச்சு வாங்கும்போது எதிர்த்துக் கதைக்கவில்லை. ஆனால் அவர் தன் கூச்சத்தை மறைக்கவுமில்லை. முகம் சிவந்தது, கை நடுங்கியது. அதுவே அவருக்கு உதவியிருக்கும் என்று நான் நம்புகிறேன். கூச்சத்தை வெளிக்காட்டுபவரை மற்றவர்கள் அதிகம் நம்புகிறார்கள் என்று பெய்ன்பேர்க், வில்லர், கெல்ட்னர் ஆகியோர் 2012 இல் எழுதியிருக்கிறார்கள்.

இனி அந்தக் கொப்பிக்கு வருவோம். ஆய்வாளர்கள் கூடுதலாகச் சிபாரிசு செய்வது, நடந்ததை வேறுவிதமாக விளங்கிக்கொள்வதையே. இதைப் பலர் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வது என்று நினைத்துக் கேலி செய்கிறார்கள். கணக்கெழுதுபவன் என்ற முறையில் எனக்கு இது வேறுமாதிரித் தெரிகிறது. வெட்கம் ஒரு மோசமான கணக்கெழுத்தாளன். வந்த நட்டம் முழுவதையும் ‘நான்’ என்ற ஒரே பெயரில் பற்று எழுதிவிடுகிறது. டொலர் ஏறியதும் வட்டி ஏறியதும் பெற்றோல் இல்லாமல் போனதும் அந்தப் பக்கத்தில் இல்லை. இதற்கு நேர்மாறான கணக்கும் பிழையானது. எல்லாம் நாட்டு நிலைமை என்று எழுதினால், கையிருப்பைப் பார்க்காமல் இரண்டு மடங்கு சரக்கெடுத்ததும் சொந்தக்காரர்களுக்குக் கடன் கொடுத்ததும் விடுபட்டுப் போகின்றன. பிரித்து எழுதவேண்டும். நாட்டுக்குரியதை நாட்டின் பெயரிலும் எனக்குரியதை என் பெயரிலும் எழுதிய பிறகு, என் பெயரில் மிஞ்சும் தொகை ஏதோ ஒன்றுதான். அதற்கு ஒரு தவணை போடலாம். வெட்கமாக இருந்தது அந்த இடத்தில் குற்றவுணர்வாக மாறுகிறது.

தன் கணக்கைத் தானே பிரிப்பது கடினம் என்பது உண்மை. ஈதன் குரோஸ் என்ற உளவியலாளர் 2014 இல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றமான வேளையில் ‘நான்’ என்று யோசிக்காமல் தன் பெயரைச் சொல்லி, வேறொருவருக்குப் புத்தி சொல்வதுபோல் யோசித்தவர்கள் தம்மைச் சிறப்பாகச் சமாளித்தார்கள். என் தம்பி இதே செக்கோடு என் முன் வந்து நின்றால் நான் என்ன சொல்வேன் என்று கேட்டுப் பாருங்கள். போய்க் கடலில் விழு என்று எவரும் சொல்வதில்லை. போய் ஆளைப் பார், கதை என்றுதான் சொல்வோம்.

ஊர் முழுக்க என்னையே பார்க்கிறது என்ற பயமும் பெரும்பாலும் பெருப்பிக்கப்பட்டது. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 2000 ஆம் ஆண்டளவில் ஒரு மாணவனுக்கு வெட்கக்கேடான படம் போட்ட ரீசேட்டை அணிவித்து மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய அரைவாசிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசி கூட இல்லை. எமது தெருவில் செய்தி இதைவிட வேகமாகப் பரவும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் அந்தச் செய்தி எமக்குப் பெரிதாக இருக்கும் அளவுக்கு எவருக்கும் பெரிதாக இருப்பதில்லை. அவரவர் செக் அவரவருக்கு.

ஏசுபவர்களுக்கும் ஒரு வார்த்தை

இதுவரை கடன்பட்டவரைப் பற்றியே எழுதினேன். வெட்கத்தை உற்பத்தி செய்வதில் எமது கடைகள் எதற்கும் குறைந்தவையல்ல. வாடிக்கையாளர்கள் நிறைந்த நேரத்தில் வேலைப் பொடியனைப் பார்த்து “நீயெல்லாம் எதுக்கு உருப்படுவாய்?” என்று கத்தும் முதலாளிமாரை நானறிவேன். பெரும்பாலும் அன்று காலை வங்கி முகாமையாளரிடம் தான் வாங்கியதைத்தான் அவர்கள் கைமாற்றுகிறார்கள். அப்பொடியன் அடுத்த முறை ஷோகேஸ் கண்ணாடியில் கீறல் விழுந்தால் என்ன செய்வான்? அதன்மேல் ஒரு துணிக்கட்டை வைத்து மறைப்பான். கணக்கில் பிழை விட்டால் பில்லைக் கிழிப்பான். முதலாளிக்குக் கடைசியாகத்தான் விடயம் தெரியவரும்.

பலர் முன் மதிப்பிடப்படும்போது உடலில் என்ன நடக்கிறது என்பதை, சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமெனியும் 208 ஆய்வுகூட ஆய்வுகளைத் தொகுத்து 2004 இல் எழுதினர். தன் கையில் இல்லாத ஒரு காரியத்தில், பிறர் தன்னை மதிப்பிடுகிறார்கள் என்ற நிலை வரும்போதே கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன் மிக அதிகமாக உயர்கிறது. கடை நடுவில் நின்று ஏச்சு வாங்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் நிலை சரியாக அதுதான். ஏசவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீறல் விழுந்த கண்ணாடியைப் பற்றி ஏசலாம், பின்னறைக்குக் கூப்பிட்டு ஏசலாம்.

கடன் வசூலிப்பவர்களுக்கும் இதே கதைதான். செக் திரும்பிய செய்தியைக் கடன்பட்டவரின் பள்ளிவாசல் ஜமாஅத்தாரிடமும் சம்பந்தி வீட்டாரிடமும் சொல்வது சிலருக்கு ஓர் உத்தியாக இருக்கிறது. வேண்டுமென்றே ஏமாற்றுபவனிடம் அது பலிக்காது. மானமுள்ளவனை அது மேலும் உள்ளே தள்ளும். இருபத்திரண்டு இலட்சக்காரரை ஹாஜியார் கடைக்குள் வைத்து அரை மணித்தியாலம் ஏசினார், வெளியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் இரு தடவைகள் தவணை பிந்தும்போதும் பயமில்லாமல் அழைத்துச் சொன்னதற்கு அதுவே காரணம்.

போவது என்று தீர்மானித்தவர்களுக்கு நடைமுறை விடயங்கள் சில. கூட்டமான நேரத்தில் போகவேண்டாம், கடை திறக்கும் நேரமே நல்லது. தனியாகப் போகத் தைரியமில்லையென்றால் இருவருக்கும் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்லலாம், ஆனால் கதைக்கவேண்டியவர் நீங்கள்தான். எழுதிய தாளொன்று கையில் இருக்கட்டும். கண்ணைப் பார்க்க முடியாதபோது இருவரும் தாளைப் பார்க்கலாம். உங்களால் கொடுக்கக்கூடிய தொகையையே சொல்லுங்கள், அவரைச் சந்தோஷப்படுத்தப் பெரிய தொகை சொல்லி அடுத்த மாதம் மறுபடி ஒளியவேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, செக் வங்கிக்குப் போவதற்கு முன்னர் போங்கள். கையில் இருக்கும் செக்கை ஹாஜியார் மேசை லாச்சியில் வைத்துக்கொள்ளலாம். வங்கியில் போட்டுத் திரும்பிவிட்டால் கட்டணமும் விழும், கிரிப் என்று எல்லோரும் அழைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவுக்கும் விடயம் போகலாம். பிறகு அவர் மன்னித்தாலும் அந்தப் பதிவை அவரால் அழிக்க முடியாது. திங்கட்கிழமைச் செக் என்றால் வியாழக்கிழமை காலையே போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை பாதி நாள்தான் கிடைக்கும், சனி ஞாயிறு வங்கியும் இல்லை, இரவு பஸ்ஸில் இடமும் கிடைக்காது.